வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கிடைக்கிறது: எந்த வீடியோ கேமை வாங்குவது?

கேள்வி இது: வேலை, வீடு, குழந்தை எல்லாம் முடிந்து இரவில் முக்கால் மணி நேரம்தான் மிஞ்சுகிறது, அதுவும் எல்லா நாளும் இல்லை. எல்லோரும் கொண்டாடுகிற பெரிய கேம்களை வாங்கிப் பாதியிலேயே விட்டுவிடுகிறேன். எனக்கு எது ஒத்துவரும்?

“சின்ன கேமாகப் பார்த்து வாங்குங்கள்” என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான் சரி. 50 மணி நேரம் ஓடும் கேமையும் நாளுக்கு அரை மணியாக நிம்மதியாக ஆடி முடிக்கலாம். 8 மணி நேர கேம் ஒன்று வாரக்கணக்கில் உங்களைப் படுத்தி எடுக்கவும் செய்யலாம். மொத்த நீளத்தைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். ஒரு முறை உட்கார்ந்தால் உருப்படியாக ஏதாவது ஒன்று முடிகிறதா? நினைத்த நொடியில் விட்டு எழ முடிகிறதா? இரண்டு வாரம் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பினால் எவ்வளவு நேரத்தில் கை பழகுகிறது? நீங்கள் பாதியில் விட்ட கேம்களை இந்த மூன்றையும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவதில்தான் அவை விழுந்திருக்கும்.

முதலில் உங்கள் 45 நிமிடத்தைக் கணக்குப் போடுவோம். கன்சோலைப் போட்டு, நிறுவனச் சின்னங்கள் ஓடி முடிந்து, விட்ட இடம் திரையில் வர 2, 3 நிமிடம். எதற்காக இந்த ஊருக்கு வந்தோம், யாரைப் பார்க்கச் சொன்னார்கள் என்று வரைபடத்தைப் புரட்ட 5 நிமிடம். எந்தப் பொத்தான் தாவுவதற்கு, எது தடுப்பதற்கு என்று விரல் நினைவுக்குக் கொண்டுவர இன்னொரு 5. கடைசியில் சேவ் செய்யும் இடத்தைத் தேடிப் போக 5 முதல் 10. மிச்சம் 20, 25 நிமிடம்தான் ஆட்டம். ஆறு மணி நேரம் தொடர்ந்து ஆடும் கல்லூரி மாணவருக்கு இந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை. உங்களுக்கோ அது பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே நல்ல கேமா என்று கேட்பதோடு, இந்தச் செலவு குறைவான கேமா என்றும் கேட்க வேண்டும்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த அருமையான ஆக்கம். ஆனால் அதன் வேகம் குதிரை வேகம். ஒரு மிஷன் தொடங்கினால் சவாரி, பேச்சு, துப்பாக்கிச் சண்டை, திரும்பச் சவாரி என்று அரை மணிக்கு மேல் போவது சாதாரணம். நடுவில் கேமை மூடினால் அந்த மிஷனை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கதை மட்டும் முடிக்கச் சுமார் 50 மணி நேரம். வாரத்துக்கு 4 மணி என்றால் மூன்று மாதம். நீண்ட விடுமுறை இருந்தால் எடுங்கள், வார நாள் இரவுக்கு வேண்டாம்.

அதே அளவு நீளமுள்ள ஸெல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட் (2017) உங்களுக்குப் பொருந்தும் என்று தைரியமாகச் சொல்வேன். அந்த உலகம் முழுக்க 120 சிறு கோயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு புதிர் அறை, 10 முதல் 20 நிமிட வேலை. ஒன்று முடித்தால் அன்றைய இரவு வீண் போகவில்லை என்ற நிறைவு கிடைக்கும். சண்டைக்கு நடுவில் இல்லாவிட்டால் ஏறக்குறைய எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம். கதை மெல்லிய நூல்போல ஓடுவதால் மூன்று வாரம் கழித்து வந்தாலும் எதையும் தொலைத்ததாகத் தோன்றாது.

எல்டன் ரிங் (2022) இன்னொரு வகைச் சிக்கல். மெனுவைத் திறந்தாலும் ஆட்டம் நிற்காது. உள்ளே குழந்தை அழுதால் எதிரி உங்களை அடித்துக்கொண்டே இருப்பான். வெளியேறினால் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு ஒரு சண்டையைப் பழகுவதற்கே மூன்று, நான்கு இரவு ஆகலாம். பழகிய கை ஒரு வாரத்தில் மறந்தும் போகும். வேகமான அனிச்சைச் செயலை நம்பும் எல்லா கேமுக்கும், சண்டை கேம்களுக்கும், இந்தக் குறை உண்டு. இடைவெளி விட்டு ஆடுபவர் ஏறிய படியையே திரும்பத் திரும்ப ஏற நேரும்.

“அமைதியான கேம், வேலை முடிந்து வந்து ஆட ஏற்றது” என்று எல்லோரும் கை காட்டுவது விவசாய கேமான ஸ்டார்டியூ வேலியை. உண்மைதான், ஆனால் அதன் கடிகாரத்தைப் புரிந்துகொண்டு ஆட வேண்டும். விளையாட்டில் காலை 6 மணிக்கு எழுந்து நள்ளிரவு தாண்டி 2 மணிக்குள் படுக்க வேண்டும். கேமில் 10 நிமிடம் நகர நம் கணக்கில் 7 நொடி. ஆக ஒரு நாள் சுமார் 14 நிமிடம். போய்ப் படுத்தால்தான் சேவ் ஆகும். மதியம் சுரங்கத்தில் இருக்கும்போது மூடினால் காலையிலிருந்து செய்த அத்தனையும் போய்விடும். 45 நிமிடத்தில் நிதானமாக மூன்று நாள் ஆடலாம், நான்காவது நாளைத் தொடங்காதீர்கள். அவசரமாக எழ வேண்டி வந்தால் மெனுவைத் திறந்து வையுங்கள், தனியாக ஆடும்போது கடிகாரம் நிற்கும். இரவு 2 தாண்டினால் உங்கள் ஆள் மயங்கி விழுவார், கையிலிருக்கும் பணத்தில் கொஞ்சம் போகும். எத்தனை மணி நேரம் ஆடினால் முடியும் என்று கேட்காதீர்கள், அது முடிவதற்காகச் செய்த கேம் இல்லை.

இப்போது உங்களைப் போன்றவர்களுக்கென்றே பிறந்தது போன்ற வகைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ரோக்லைக் என்பார்கள். ரன் எனப்படும் ஒரு முழு ஆட்டம் தொடங்கும், வெல்வீர்கள் அல்லது தோற்பீர்கள், அடுத்த ரன் புதிதாகத் தொடங்கும். நினைவில் வைக்க வேண்டிய கதைச் சுமை குறைவு. ஒரு மாதம் கழித்து வந்தாலும் விதிகள் மட்டும் நினைவிருந்தால் போதும்.

இதில் நான் முதலில் சொல்வது இன்டு த பிரீச் (2018). சதுரங்கப் பலகை போல 8-க்கு 8 கட்டம். உங்கள் கையில் மூன்று இயந்திரங்கள். எதிர்ப்பூச்சிகள் அடுத்து எங்கே அடிக்கப் போகின்றன என்பதைத் திரையே முன்கூட்டிக் காட்டிவிடும். ஒரு பூச்சி கட்டடத்தைக் குறிவைத்து நிற்கிறது, அதைக் கொல்லும் பலம் உங்களிடம் இல்லை என்று வையுங்கள். பக்கத்திலிருந்து ஒரு குத்து விட்டு அதை ஒரு கட்டம் தள்ளுகிறீர்கள். அதன் அடி இப்போது கட்டடத்துக்குப் பதிலாக அடுத்த பூச்சியின் மேல் விழும். அந்த ஒரு தள்ளலைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். தவறாக நகர்த்திவிட்டால் ஒரு சண்டைக்கு ஒரு முறை அந்தச் சுற்றை முழுக்கத் திரும்ப எடுக்கலாம். ஒரு சண்டை ஏறக்குறைய 5 சுற்று, 10 முதல் 15 நிமிடம். நடுவில் மூடினாலும் பாதகமில்லை. நான்கு தீவுகளில் இரண்டை முடித்ததுமே கடைசிச் சண்டைக்குப் போகலாம் என்பதால் ஒரு முழு ஆட்டம் மூன்று, நான்கு இரவில் முடியும்.

சீட்டாட்டம் பிடிக்குமென்றால் ஸ்லே த ஸ்பயர் (2019), பலாட்ரோ (2024). ஸ்லே த ஸ்பயரில் ஒரு ரன் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஆனால் சண்டைக்கு நடுவே சேவ் செய்து வெளியேறினால் அந்தச் சண்டையின் தொடக்கத்துக்கு வருவீர்கள், இழப்பு அதிகபட்சம் சில நிமிடம். பலாட்ரோ போக்கர் சேர்க்கைகளை வைத்துச் செய்தது. 8 கட்டம், கட்டத்துக்கு 3 சுற்று. பணம் வைத்து ஆடுவது அதில் இல்லை. கைபேசியிலும் வந்திருக்கிறது. இந்த இரண்டிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சின்னச் சின்னதாக இருப்பதாலேயே “இன்னும் ஒன்று” என்று இழுக்கும். ரன் முடிந்த இடத்தில் நிறுத்துவதுதான் எல்லோருக்கும் கடினம், ஏனென்றால் புதிய ரன் ஒரே அழுத்தில் தொடங்கிவிடுகிறது. ஆகவே ரன் முடிந்ததும் நிறுத்தலாம் என்று திட்டமிடாதீர்கள். கைபேசியில் அலாரம் வையுங்கள், அது அடித்தால் ரன்னின் நடுவிலேயே மூடுங்கள். இந்த கேம்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன.

நாடு கட்டி ஆளும் கேமான சிவிலைசேஷன் 6-ஐப் பலர் “முறை வைத்து ஆடுவதுதானே, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்” என்று வாங்குகிறார்கள். நிறுத்தலாம், ஆனால் நின்றவர் குறைவு. அதோடு திரும்பி வரும் செலவு மிக அதிகம். ஏழு நகரத்தில் எது எதைக் கட்டிக்கொண்டிருந்தது, எந்த அண்டை நாட்டோடு என்ன பகை என்று மறுபடி விளங்கவே 15 நிமிடம் போகும். ஆடியே ஆக வேண்டுமென்றால் மிகச் சிறிய வரைபடம், ஆன்லைன் வேகம் என்ற அமைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். பெயர் ஆன்லைன் என்றாலும் தனியாக ஆடும்போதும் அது உண்டு. வழக்கமான வேகத்தில் 500 சுற்று ஓடும் ஆட்டம் அதில் 250 சுற்றோடு முடியும்.

கைகால் சுறுசுறுப்பு வேண்டும், ஆனால் அவமானப்பட நேரமில்லை என்பவர்களுக்கு ஹேடிஸ் (2020). பாதாள உலகிலிருக்கும் வீட்டிலிருந்து தப்பியோடுவதுதான் ஆட்டம், ஒரு தப்பியோட்டம் 20 முதல் 40 நிமிடம். தோற்றாலும் கதை நகரும். வீட்டுக்குத் திரும்பினால் எல்லோரும் புதிதாகப் பேசுவார்கள். அமைப்புகளில் காட் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் வாங்கும் அடி 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் மேலும் 2 சதவீதம் குறைந்து, அந்தக் குறைப்பு 80 சதவீதம் வரை போகும். தயங்காமல் போடுங்கள். கடினத்தைக் குறைப்பது இழுக்கு என்ற எண்ணம் பதினாறு வயதில் சரி. செலஸ்ட் (2018) ஆட்டத்தின் வேகத்தையே பாதிவரை குறைக்க விடுகிறது. இப்படி வசதி தந்திருக்கும் கேம்களை அவற்றைச் செய்தவர்களே உங்களை மனதில் வைத்துத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

கதை வேண்டும், முடிவு வேண்டும் என்றால் இரண்டு, மூன்று அமர்வில் தீர்வதாக எடுங்கள். எ ஷார்ட் ஹைக் (2019) ஒரு மலை ஏறும் பறவையின் கதை, சுமார் ஒன்றரை மணி நேரம். போர்ட்டல் (2007) 3 மணி நேரம், புதிர் அறை அறையாகப் பிரிந்திருப்பதால் எங்கேயும் நிறுத்தலாம். இன்சைட் (2016), ஃபயர்வாட்ச் (2016) இரண்டும் 4 மணிக்குள் அடங்கும்.

தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாதது வெண்பா என்ற கேம். டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு பல இடங்களில் அழிந்து கிழிந்து இருக்கிறது. எழுத்து போன இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து இட்லியையும் புட்டையும் பிரியாணியையும் சமைக்க வேண்டும், அதுதான் புதிர். நம் வீட்டு அடுப்படி தெரிந்தவருக்கு விடை கையிலேயே இருக்கும். தவறாகச் செய்தாலும் தண்டனை இல்லை, திரும்பச் செய்யலாம். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள். 2024-இல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. கேம் பக்கமே வராத கணவரையோ மனைவியையோ பக்கத்தில் உட்காரவைத்து ஒரே இரவில் முடிக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை.

இணைய வழிப் போட்டிகளில் நிறுத்தும் நேரம் உங்கள் கையில் இல்லை. அது உங்களோடு ஆடும் மற்றவர்களின் நேரமும்தான். டோட்டா 2-இல் ஓர் ஆட்டம் 40 நிமிடத்தைச் சாதாரணமாகத் தொடும். 5 நிமிடம் துண்டிக்கப்பட்டால் கைவிட்டதாகக் கணக்கு, தண்டனை உண்டு. வாலரன்ட் போட்டி ஆட்டத்தில் 13 சுற்று வெல்லும்வரை போக வேண்டும், பெரும்பாலும் அரை மணிக்கு மேல். 45 நிமிடம் உள்ளவர் இவற்றில் ஒரே ஓர் ஆட்டம் ஆடலாம், அது மோசமாகப் போனால் அன்றைய இரவு முழுக்க அவ்வளவுதான். இணையத்தில்தான் ஆட வேண்டுமென்றால் 5 நிமிட ஆட்டமான ராக்கெட் லீக், 6 சுற்றில் முடியும் மார்வல் ஸ்னாப், அல்லது சாதாரணச் சதுரங்கம்.

தினசரிக் கடமை வைக்கும் இலவச கேம்களிடம் இன்னும் கவனம் தேவை. கென்ஷின் இம்பாக்டில் பரிசுகளை எடுக்க ரெசின் என்ற ஒன்று செலவாகும். 8 நிமிடத்துக்கு ஒன்றாக ஊறி 200-ல் நின்றுவிடும். கணக்குப் போட்டால் 26 மணி 40 நிமிடத்தில் தொட்டி நிரம்பும். அதாவது ஒரு நாள் வராவிட்டாலே வழிந்து வீணாகிறது என்ற உறுத்தல் தொடங்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓய்வுக்கு ஆடுவது இப்படித்தான் இன்னொரு வேலையாகிறது. அதே காரணத்துக்காக, சீசன் முடிவதற்குள் இத்தனை நிலை ஏற வேண்டும் என்று காசுக்கு விற்கும் பேட்டில் பாஸ் எனும் பரிசுச் சீட்டுகளையும் வாங்க வேண்டாம்.

சாதனம் பாதி வெற்றி. கையில் வைத்து ஆடக்கூடிய ஸ்விட்ச், ஸ்டீம் டெக் இரண்டிலும் மின்பொத்தானை அழுத்தினால் ஆட்டம் அப்படியே உறையும், மறுபடி அழுத்தினால் சில நொடியில் அதே இடம். மேலே சொன்ன சேவ் பிரச்சினையில் முக்கால்வாசியை இது ஒன்றே தீர்த்துவிடும். தொலைக்காட்சி யார் கையிலிருக்கிறது என்ற பிரச்சினையும் இல்லை. பிளேஸ்டேஷன் 5-இல் ரெஸ்ட் மோட் இதைச் செய்யும், ஆனால் மின்சாரம் போனால் உறைந்த ஆட்டமும் போய்விடும். மின்வெட்டு உள்ள ஊரென்றால் யுபிஎஸ் இல்லாமல் அதை நம்பாதீர்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் உள்ள குயிக் ரெஸ்யூம் நிலையை வட்டில் எழுதிவைப்பதால் பிளக்கைப் பிடுங்கினாலும் தாங்கும். இணையத்தோடு கட்டிய கேம்களுக்கு மட்டும் இவை எதுவும் உதவாது, தொடர்பு அறுந்துவிடும்.

அப்டேட்டுக்கு ஓர் இரவைப் பறிகொடுக்காதீர்கள். ரெஸ்ட் மோடில் இணையம் இணைந்தே இருக்கும்படி அமைப்பை மாற்றுங்கள். கணினி கேம்களை விற்கும் தளமான ஸ்டீமில் டவுன்லோட் அமைப்புக்குள் போய், தானாக அப்டேட் ஆகும் நேரத்தை விடியற்காலைக்கு வையுங்கள். 100 ஜிபியைத் தாண்டும் கால் ஆஃப் டியூட்டி போன்றவற்றை, வாரம் ஒரு முறை ஆடுவதற்கு வைத்திருப்பதில் பலனில்லை. நீங்கள் வரும் ஒவ்வொரு முறையும் அது டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கும்.

வாங்கும் முன் ஹவ் லாங் டு பீட் என்ற தளத்தில் பெயரைத் தேடுங்கள். கதை மட்டும், கதையோடு கூடுதல் வேலைகள், முழுவதும் என்று மூன்று கணக்கு தரும். முதல் கணக்கை மட்டும் பாருங்கள். அது ஆடியவர்களே பதிந்த நேரங்களிலிருந்து வருவது, பதிகிறவர்கள் பெரும்பாலும் பழகிய கைகள். இடைவெளி விட்டு ஆடும் நீங்கள் அதோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வந்த எண்ணை உங்கள் வார நேரத்தால் வகுத்து, 8 வாரத்துக்கு மேல் போனால் மறுபரிசீலனை செய்யுங்கள். பெர்சோனா 5 கதைக்கே சுமார் 100 மணி நேரம். 4 மணி வாரத்தில், கால் பங்கு கூட்டாமலே அது அரை ஆண்டு. அப்படிப்பட்ட நீளக் கதையைத்தான் வேண்டுமென்றால் டிராகன் குவெஸ்ட் 11-ஐப் பாருங்கள். ஒவ்வொரு முறை சேவைத் திறக்கும்போதும் இதுவரை நடந்த கதையை அதுவே சுருக்கமாகச் சொல்லும். மற்ற கேம்களுக்கு நீங்களே செய்துகொள்ளலாம். மூடும் முன் கைபேசிக் குறிப்பில் ஒரே வரி: “வடக்குக் கோட்டை, சாவி கிடைத்தது, இரண்டாம் மாடிக் கதவு.” அடுத்த முறை அந்த 5 நிமிடத் தேடல் மிச்சம்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கேம் திறந்து கிடக்கும் நேரமும் அந்த 2 மணியில் சேரும், ஆகவே மெனுவில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். முதல் இரண்டு அமர்வையும் சோதனையாகவே நடத்துங்கள். முதல் அமர்வில் 40 நிமிடத்துக்குள் உண்மையான ஆட்டத்தைக் கைக்குக் கொடுத்ததா, அல்லது காட்சியும் டுடோரியலுமாகவே ஓடியதா? நாலு நாள் இடைவெளி விட்டு இரண்டாவது அமர்வு. பொத்தான்கள் 5 நிமிடத்தில் திரும்பி வந்தனவா? இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். எ ஷார்ட் ஹைக் போன்ற குட்டி கேமை முழுக்க ஆடி முடித்துவிட்டு இந்த விதியைக் காட்டிப் பணம் கேட்பது மட்டும் வேண்டாம், அதைச் செய்தவர்கள் மிகச் சிறிய குழுக்கள். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோட் தொடங்கிவிட்டாலே பொதுவாகப் பணம் திரும்பாது, அங்கே சோதனைப் பதிப்பு இருந்தால் அதை முதலில் ஆடுங்கள்.

மாதச் சந்தா உங்களுக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். மாதத்துக்கு 16 மணி நேரம் உள்ளவர் நூற்றுக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவே தேர்ந்தெடுப்பதிலேயே இரவைக் கழித்துவிடுவார். இரண்டு குட்டி கேமை அந்த மாதமே முடிக்கத் திட்டம் இருந்தால் ஒரு மாதம் மட்டும் எடுத்து நிறுத்துங்கள்.

துணையோடு ஆட விரும்பினால் இட் டேக்ஸ் டூ (2021). இருவர் மட்டுமே ஆட முடியும்படி செய்தது, சுமார் 12 முதல் 14 மணி நேரம். ஒருவர் வாங்கினால் போதும், இன்னொருவர் ஃப்ரெண்ட்ஸ் பாஸ் மூலம் தன் வீட்டிலிருந்து இலவசமாகச் சேரலாம். இருவரில் ஒருவர் கன்ட்ரோலரே தொட்டதில்லை என்றால் முதல் மணி நேரம் கேமராவைத் திருப்புவதிலேயே திணறுவார். அவசரப்படுத்தாமல் விடுங்கள்.

உங்கள் நிலைமைக்கு ஒரே நேரத்தில் இரண்டு கேமுக்கு மேல் நிறுவி வைக்காதீர்கள். மூன்றானால் பொத்தான்கள் குழம்பும். இந்த வாரம் இன்டு த பிரீச்சை வார நாள்களுக்கும், வெண்பாவை ஒரு சனிக்கிழமை இரவுக்கும் எடுங்கள். வெண்பா முடிந்ததும் அந்த இடத்தில் போர்ட்டல். அதையும் முடித்த பிறகு ஆசை மிச்சமிருந்தால், அப்போது ஸெல்டாவைத் தொடங்கி இரவுக்கு ஒரு கோயில்.